நெல்சன் தேடிய தமனி

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுக்கும் நெல்சனுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. மண்டையோட்டின் அடித்தளத்தில், என்றைக்கோ மறைந்துபோயிருக்க வேண்டிய ஒரு தமனியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். காரைக்குடியிலிருந்து சிவகங்கைக்குப் பஸ்ஸில் போய்வந்தே தலை நரைத்துவிட்டது. தமனி மட்டும் சிக்கவில்லை.

லேசில் சிக்குகிற சரக்கா அது? கரு வளரும்போது, மூளையின் பின்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோக முறையான குழாய் இன்னும் தயாராகியிருக்காது. அதுவரைக்கும் கழுத்துத் தமனியிலிருந்து ஒரு குட்டிக் குழாய் கிளம்பிப் பின்னால் போய் ஒத்தாசை செய்யும். முறையான குழாய் வந்ததும் இது சுருங்கி மறைந்துவிடும். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குத்தான் அப்படியே தங்கும். பாடத்துக்காக மேசைக்கு வந்த ஒவ்வொரு சடலத்தின் தலையிலும் மூளையைத் தூக்கிவிட்டு நெல்சன் அந்த இடத்தைத் தேடுவார். இருக்காது. அந்த எரிச்சலை மாணவர்கள் மேல் காட்டுவார்.

இந்த வருஷம் தலைசுற்றல் என்று ஸ்கேன் எடுத்தார். படத்தில் நிற்கிறது அந்தத் தமனி! அவர் தலைக்குள்ளேயே. ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. ஊரார் தலையை எல்லாம் திறந்தவர் தன் தலையைத் திறந்து பார்க்க முடியுமா? நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

நாம் பார்க்காவிட்டால் மாணவர்களாவது பார்க்கட்டும் என்று உடல்தானம் செய்யத் துணிந்தார். மனைவி இன்பமேரி சம்மதிக்க வேண்டும். அவள் மசியவில்லை.

"கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியுமாப் போகும். நான் மட்டும் எங்குட்டுப் போயி நிக்கிறது?"

"மண்ணுக்குள்ள கெடந்து யாருக்குப் பிரயோசனம்? படிச்சவதானே நீ!"

"படிச்சவளுக்குப் புருசன் வேணாமாக்கும்?"

படம் வரைந்து காட்டினார், கத்தினார், சாப்பிடாமல் எழுந்து போனார். ஒன்றும் நடக்கவில்லை. கல்லறைத் திருநாளும் வந்தது. தன் அப்பாவின் கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டே நெல்சன் மறுபடி ஆரம்பித்தார்.

இன்பமேரி பூவைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்குறேன். இத்தனை வருசமா நீங்க அறுத்துப் பாத்தீகளே, அவுகளுக்கும் வீடுவாசல் இருந்திருக்கும்ல? அவுக பொஞ்சாதிமாரு எங்குட்டு நின்னு அழுகுறாக?"

நெல்சன் புல் பிடுங்குவதை நிறுத்தினார். எந்தத் தலையில் எந்தத் தமனி எப்படி வளைந்திருந்தது என்று இப்போதும் சொல்வார். ஒருவர் பெயரும் தெரியாது. கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

"அவுகளுக்கு ஏத்துங்க" என்று அவள் மிச்சமிருந்த மெழுகுவர்த்தியை அவர் கையில் கொடுத்தாள். அதை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.