பேச்சுக் கேட்காத விரல்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ‘ரிவர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, மனுஷன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சுவரையோ சூப்பர்வைசரையோ இடித்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. இத்தனை வருஷ ஓட்டத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அந்தப் பேர் கேரம் போர்டில் வந்த பேர்.

தன் பக்கத்துக் கோட்டுக்குக் கீழே, மடிக்கு அருகே ஒட்டிக்கொண்டு கிடக்கும் காயை யாரும் சீந்த மாட்டார்கள். நேராக அடிக்க வழியில்லை. இவர் மட்டும் ஸ்ட்ரைக்கரை எதிர்ப்பக்கக் கட்டைக்கு அனுப்புவார். அது போய் முட்டி, அலுங்காமல் குலுங்காமல் திரும்பி வந்து, காயைத் தட்டிக் குழியில் தள்ளிவிட்டு நிற்கும். ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் டம்ளரை வாயில் வைத்தபடியே “ரிவர்ஸ்!” என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்காகவே அவர் மத்தியான ஷிஃப்ட்டை யாருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை.

சின்ன வயசில் அவருக்கு எந்த விளையாட்டும் அமையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் இருந்தது மூன்று மாடிக் கட்டடம்; மாடிக்கு எட்டுக் குடித்தனம். சாயங்காலம் ஆனால் வராந்தா முழுக்கப் பிள்ளைகள். ஓடிப்பிடிப்பது, ஒளிந்து பிடிப்பது, பந்தால் முதுகைப் பழுக்க வைப்பது என்று கட்டடமே அதிரும். இவருக்கோ நாலு எட்டு ஓடினால் மூச்சு இரைக்கும். ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற ஆள் இவர்தான். “சரி, தம்பி ஒப்புக்குச் சப்பாணி” என்று அவருடைய அண்ணனே அறிவித்துவிடுவான். ஒப்புக்குச் சப்பாணி என்றால் ஓடலாம், ஒளியலாம், பிடிபடலாம். எதுவும் கணக்கில் வராது. ஒரு தடவை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இருட்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனபோதும், “நான்தான் கடைசி வரைக்கும் மாட்டல” என்று சொல்லிக்கொண்டே போனார்.

கட்டடத்தின் கீழே ஒரு முடிதிருத்துகிறவரின் கடை இருந்தது. காத்திருப்பவர்கள் பொழுது போக்குவதற்காக ஒரு கேரம் போர்டு போட்டிருந்தார். முடிவெட்டப் போன இடத்தில் ஆள் குறைகிறது என்று இவரை உட்கார வைத்தார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, உலகத்தில் உட்கார்ந்துகொண்டே ஜெயிக்கிற விளையாட்டும் ஒன்று உண்டு என்று. ஓட வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். ஒற்றை விரல் போதும். அதன் பிறகு முடி வளர்கிறதோ இல்லையோ, தினமும் கடைக்குப் போய்விடுவார்.

“தம்பி, உனக்கு முடி வெட்டணுமா, ஆட்டம் ஆடணுமா?” என்று கடைக்காரர் கேட்பார்.

“ஆடிட்டு வெட்டிக்கிறேண்ணே.”

“வெட்டுறதுக்கு உன் தலையில என்ன இருக்கு? போ, உக்காரு.”

ஒரு வருஷத்துக்குள் அண்ணன் எதிரே உட்காரப் பயந்தான். கட்டடத்துப் பையன்கள் இவரைத் தங்கள் ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையை இவர் ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரியவராகி, ஓட்டுநராகி, கல்யாணமாகி, மகள் பிறந்து வளர்ந்து வேறு ஊரில் வேலைக்குப் போய், எல்லாம் நடந்தபோதும் அந்த விரல் மட்டும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பணிமனையில் அவருக்கு ஜோடி அவருடைய கண்டக்டர்தான். வயசில் சின்னவன், ‘விசில்’ என்று பேர். சாலையிலும் அவர்கள் ஜோடி, போர்டிலும் ஜோடி. விசில் சுமாராகத்தான் ஆடுவான். ஆனால் எதிராளி அடிக்கும் நேரம் பார்த்து இருமுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் ரிவர்ஸ் ஒரு லேசான காயைத் தவறவிட்டார். ஸ்ட்ரைக்கர் காய்க்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய் நின்றது. வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். மறுநாளும் அப்படியே ஆனது. பவுடர் சரியில்லை என்றார். பவுடரை மாற்றினார்கள். பல்பு நிழல் விழுகிறது என்றார். பல்பை மாற்றினார்கள். போர்டே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். மெக்கானிக் ஒருவர் மட்டம் பார்க்கும் கருவியையே கொண்டுவந்து வைத்துக் காட்டினார். போர்டு நேராகத்தான் இருந்தது.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சாப்பாட்டு மேசையில் பாட்டில் மூடியை வைத்துச் சுண்டிப் பார்த்தார். கட்டைவிரலில் ஆள்காட்டி விரலை முட்டுக்கொடுத்து நிறுத்தினால், விடுவதற்கு முன்பே அது தானாக நடுங்கியது. இடது கையால் அமுக்கிப் பிடித்தார். அமுக்கியதை விட்டதும் மறுபடி நடுங்கியது. பிள்ளையை அதட்டுவதுபோல, “சும்மா இரு” என்று விரலைப் பார்த்துச் சொன்னார். அது கேட்கவில்லை.

இதை விசிலும் கவனித்துவிட்டான். அவன் பார்த்தது கேரம் போர்டில் இல்லை, வண்டியில். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் மேல் அவர் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

இரண்டு பேரும் வழக்கம்போலப் பேசினார்கள், பயணிகளைத் திட்டினார்கள், டீ குடித்தார்கள். ஆனால் வளைவு வரும்போதெல்லாம் விசில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான். கண்ணாடியில் அதை அவர் பார்த்தார். பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டார்.

பக்கத்துப் பணிமனையோடு வருஷா வருஷம் நடக்கும் போட்டி வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதிர்ஷ்டமோ என்னவோ, கடைசி ஆட்டம் வரை எப்படியோ ஒப்பேற்றினார்கள். முக்கால்வாசி விசிலின் இருமல்தான் காப்பாற்றியது. கடைசியில் சிவப்புக் காய் அவர் அடித்தே விழுந்தது. அதற்கு ஃபாலோவாகத் தன் காய் ஒன்றையும் உடனே போட்டால்தான் சிவப்பு செல்லும். அந்தக் காயோ குழியின் விளிம்பில், ஊதினால் விழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. பணிமனை ஆட்கள் இப்போதே கை தட்டத் தயாராகிவிட்டார்கள்.

அவர் ஸ்ட்ரைக்கரை வைத்தார். விரலை மடக்கினார். நடுக்கம் வந்தது. போகட்டும் என்று காத்திருந்தார். போகவில்லை. யாரோ செருப்பை நகர்த்தும் சத்தம் கேட்டது. விசில் இருமக்கூட இல்லை. அவர் எப்போது சுண்டினார் என்று அவருக்கே தெரியாது. விரல் தானாகத் தட்டிவிட்டது. ஸ்ட்ரைக்கர் அரைப் போர்டுகூடப் போகாமல், வழி தெரியாத ஆள் மாதிரி நடுவில் நின்றது.

எதிரணியில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்துப் பணிமனை மெக்கானிக். குண்டான, நல்ல மனுஷன். மெதுவாகக் குனிந்து, “அண்ணே, கை தவறிடுச்சு. நான் பாக்கல. இன்னொரு தடவ அடிங்க” என்றார்.

தோற்றதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இந்த வார்த்தைதான் வலித்தது. “இல்லப்பா, உன் ஆட்டம்” என்று ஸ்ட்ரைக்கரை நகர்த்திக் கொடுத்தார். அதை நகர்த்துவதற்கும் இரண்டு கை தேவைப்பட்டது.

திரும்பும்போது விசிலும் அவரும் காலியான வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டி இன்னும் கிளம்பவில்லை.

“அண்ணே, நாளைக்கு வண்டி எடுக்காதீங்க.”

“ஏன்? ஒரு ஆட்டம் தோத்தா வண்டி ஓட்டக் கூடாதா?”

“ஆட்டத்தப் பத்தி நான் பேசல.”

அவர் ரொம்ப நேரம் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

“மேல போய்ச் சொல்லிடுவியா?”

“சொல்லணும்னு பல தடவ கிளம்பினேன். ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்ணே. சொன்னா உங்களக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். சொல்லாட்டி, ஏறுற சனங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல. ஸ்கூல் புள்ளைங்க ஏறுனா இறங்குற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கேன். நான் என்னதாண்ணே பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அவர் எழுந்தார். இறங்கி, சாவியை அவன் கையில் வைத்தார். மறுநாள் அவரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகச் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கச் சொன்னார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி ஆட்டத்தில் இருப்பவர்போலச் செய்தார். அறைக்குள் நடந்து காட்டச் சொன்னார். ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். சுருள் முள்வேலி மாதிரி வந்தது.

“எவ்வளவு நாள்ல சரியாகும்மா?”

“மருந்துல கட்டுப்படுத்தலாம். அப்படியே சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“தெனம் பழக்கினா? காலையும் சாயங்காலமும் உக்காந்து பழகுவேன். நான் பழகித்தான் கத்துக்கிட்டேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “இது பழக்கக் குறைவு இல்லையே, ஐயா. நரம்புல வர்ற நோய்” என்றார். ரிவர்ஸ் தன் வாழ்க்கையில் எது சரியாக வராவிட்டாலும் செய்து பார்த்த ஒரே வைத்தியம் அதுதான். இனிமேல் அதுவும் கிடையாது என்றால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றியது. மனைவி அவர் சட்டைப் பையில் மருந்துச் சீட்டை மடித்து வைத்தாள்.

பணிமனையில் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று மைக்கில் சொல்ல வேண்டும். ஓய்வறை பக்கத்திலேயே இருந்தது. மத்தியானம் டக் டக் என்று காய் அடிபடும் சத்தம் கேட்கும். முதலில் கூப்பிட்டார்கள். “சும்மா பாக்க வாங்கண்ணே” என்றார்கள். போய் உட்கார்ந்தால் யாரும் நன்றாக ஆடுவதில்லை. அவருக்கு மனசு கஷ்டப்படுமோ என்று லேசான காயையும் விட்டார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவரே போவதை நிறுத்திக்கொண்டார்.

மனைவி சட்டைக் காலர் தைக்கும் ஆலையில் வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. சீட்டுக்கட்டு வாங்கி வந்தாள். அவர் கையில் விசிறி மாதிரி சீட்டு ஆடியதில், என்ன வைத்திருக்கிறார் என்று எதிரே இருந்தவளுக்கு எல்லாம் தெரிந்தது. “கண்ண மூடிக்கோ” என்றார். “கண்ண மூடிட்டு எப்படிங்க ஆடுறது?” என்றாள். சதுரங்கம் வந்தது. குதிரையை நகர்த்தப் போய் இரண்டு சிப்பாயும் ஒரு மந்திரியும் சேர்ந்து சாய்ந்தார்கள். அவள் சிறுவயதில் அஞ்சாங்கல்லில் கெட்டிக்காரி. அதையும் ஆடிக் காட்டினாள். மேலே போன கல்லை அவள் பிடித்த லாகவத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

விஷயம் கேள்விப்பட்ட மகள், ஒரு பெரிய கேரம் போர்டையே வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். “அப்பா சொல்லட்டும், நீ அடிம்மா” என்று போனில் யோசனையும் சொன்னாள். பிரித்தபோது நல்ல மரவாசனை வந்தது. மனைவி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மெதுவா. வெள்ளைக்கு வலது பக்கம் லேசா தொட்டா போதும். லேசா!”

அவள் ஓங்கி அடித்தாள். வெள்ளையும் கறுப்பும் எகிறிக் கட்டிலுக்கடியில் போயின.

“லேசான்னா என்னன்னு தெரியாதா?”

“இதான் எனக்கு லேசு.”

தேடி எடுத்து வந்து மறுபடி அடித்தாள். மறுபடி போனது. அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் கண்ணுக்குக் கோணம் கோடு போட்ட மாதிரித் தெரிகிறது. எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று தெரிகிறது. அதை இன்னொருத்தி கைக்கு மாற்ற வாயில் வார்த்தை இல்லை. “இப்படி இல்ல, அப்படி!” என்று திரும்பத் திரும்பக் கத்தினார். கடைசியில், “உனக்கு எதுக்கு விரல் ஒழுங்கா இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

அவள் ஸ்ட்ரைக்கரை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவின பாத்திரத்தையே அவள் மறுபடி கழுவுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. போர்டு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். கை மட்டும் மடியில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“சரி, எந்தக் குழின்னு காட்டுங்க.”

அவர் விரலை நீட்டினார். விரல் இந்தக் குழிக்கும் அந்தக் குழிக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது. அவள் குனிந்து அதையே பார்த்தாள். அவர் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை.

“இதுவா, அதுவா?”

“அது.”

“எது அது?”

“வலது.”

“உங்க வலதா, என் வலதா?”

பதில் சொல்லப் போனவருக்கு எது யாருடைய வலது என்றே குழம்பிவிட்டது. “எதுலயாவது அடிம்மா” என்றார். அவள் அடித்தாள்.