தையல் அறையில் கதவு சாத்திய நாள்

ஒலிம்பியா ஷுதேயு எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஆட்சியில் ஆசிரியரையும் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்த ஆசிரியர் என்று சொல்ல முடியாது. பொத்தான் துளையை அடிக்கோல் வைத்து அளப்பார். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பிரிக்கச் சொல்வார். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவர். குழந்தை இல்லை. வடக்கு ருமேனியாவில் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பெரிய நூற்பாலைக்கு எதிரே, நாலாவது மாடியில் தனியாக இருந்தார். பத்தொன்பது வருடம் ஒரே அறையில், அதே ஆறு தையல் மிஷின்களோடு காலம் தள்ளினார். அவர் நல்லவரா என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு உடனே பதில் வராது. ஒரு காரியம் செய்தார். அதை மட்டும் சொல்கிறேன்.

எண்பத்தாறாம் வருடம், பிப்ரவரி. நாங்கள் ஏழாம் வகுப்பு. வாரத்தில் ஒருநாள் பையன்கள் தச்சுப் பட்டறைக்குப் போவார்கள். பெண்கள் பன்னிரண்டு பேரும் தையல் அறைக்கு. அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களில் சூடு வராத குளிர்காலம் அது. விரல்நுனியை வெட்டிய கையுறையோடுதான் தைத்தோம்.

உடம்பைப் பற்றி எங்கள் ஊரில் பெண்குழந்தைக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: சில்லென்ற கல்லில் உட்காராதே, அடிவயிறு கெட்டுப்போகும். எப்படிக் கெடும் என்று எந்த அம்மாவும் சொன்னதில்லை. வெட்கம் பாதி, பயம் பாதி. ஜனத்தொகை பெருக வேண்டும் என்று அரசாங்கம் கருத்தடையையும் கருக்கலைப்பையும் தடுத்திருந்தது. எங்கள் அம்மாக்கள் வேலை பார்த்த ஆலையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து பெண்களைப் பரிசோதிப்பார். கர்ப்பம் என்றால் பெயர் பதிவாகும். பிறகு குழந்தை பிறக்காவிட்டால் போலீஸ் வந்து கேட்கும். கருவைக் கலைத்துக்கொண்டவளுக்கும் சிறை, கலைத்துவிட்டவளுக்கும் சிறை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன்.

“ஏன்டி, ஒங்கம்மா நாலு நாளா வேலைக்கு வரலையாமே?”

என் பக்கத்தில் இருந்த வியோரிகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஒடம்பு சரியில்ல. எங்கயோ சில்லு கல்லுல ஒக்காந்துட்டாங்களாம். ஒரே ரத்தம். அதுக்குத்தான் ஒரு அத்தை வந்து பாத்துட்டுப் போனாங்க. ரப்பர் குழாயெல்லாம் கொண்டாந்தாங்க. என்னைய வாசல்ல நிக்க வச்சிட்டாங்க.”

“கல்லுல ஒக்காந்ததுக்குக் குழாய் எதுக்குடி? கல்லையா கழுவுனாங்க?” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

கொரினா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பா போலீஸ் இன்ஸ்பெக்டர். தைப்பதை நிறுத்திவிட்டு, “எந்த அத்தை? வீடு எங்க?” என்று கேட்டாள்.

வியோரிகா வாயைத் திறந்தாள். அதற்குள் ஒலிம்பியா எழுந்துவிட்டார்.

“வியோரிகா, வாய மூடு.” நடந்து போய்க் கதவைச் சாத்தினார். “எல்லாரும் ஊசியக் கீழ வைங்க. கல்லுல ஒக்காந்தா ஒரு மண்ணும் ஆகாது. ஒங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லல போலிருக்கு. நான் சொல்றேன்.”

துணி வெட்டும் மாதிரித் தாளைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பென்சிலால் கருப்பையை வரைந்தார். மாதவிலக்கு என்றால் என்ன, குழந்தை எப்படி உண்டாகிறது, அதில் அப்பாவுக்கு என்ன பங்கு, எந்த நாட்களில் கரு தங்கும், எவற்றில் தங்காது. கடைசியாகச் சொன்னது அன்றைக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லக்கூடாதது. பொத்தான் துளை சொல்லிக்கொடுத்த அதே குரலில்தான் சொன்னார். யாரும் தலை தூக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

முடிவில், “வியோரிகா பாத்தது இதைத்தான். மாசாமாசம் வர்றது. சிலருக்கு அதிகமா வரும், படுத்துக்குவாங்க. அந்தக் குழாய் மலச்சிக்கலுக்கு. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, வேணும்னா வந்து பாருங்க” என்றார். மறுபடியும் சிரித்தோம். நாங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்ன உண்மைகள் எல்லாம் இந்த ஒரு பொய்யைச் சுற்றி வைத்த பஞ்சு. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஒரு செய்தி போகத்தான் போகிறது. அது வியோரிகாவின் அம்மாவைப் பற்றியதாக இல்லாமல் தன்னைப் பற்றியதாக இருக்கட்டும் என்று ஒரு நிமிடத்துக்குள் முடிவு செய்திருக்கிறார். அது தைரியமா, வேறு வழி தெரியாததா என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஒவ்வொருத்தியாகத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலோரம் கோட்டைக் கழற்றாமல் கொரினாவின் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பேச்ச மொதல்ல ஆரம்பிச்சது யாரு?” என்றார் தலைமையாசிரியர்.

“தோழர் ஷுதேயுதான். திடீர்னு படம் போட ஆரம்பிச்சிட்டாங்க.”

“அதுக்கு முன்னாடி யாரும் ஒண்ணும் கேக்கலையா பாப்பா?” இன்ஸ்பெக்டரின் குரல் மிருதுவாக இருந்தது.

“இல்லைங்க. தைச்சிட்டிருந்தோம்.”

கேட்டவள் நானல்லவா? என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேன். வியோரிகாவின் அம்மா என் நினைவுக்கே வரவில்லை. மற்றவர்களும் இப்படியே சொல்லியிருக்க வேண்டும். வேறு எதையும் யாரும் விசாரிக்கவில்லை.

பத்தாம் நாள் வியோரிகாவின் அம்மா வெளிறிய முகத்தோடு வேலைக்குத் திரும்பினார். அடுத்த பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்ததால் அவர் பெயர் பதிவாகியிருக்கவில்லை. ஒலிம்பியாவைப் பிள்ளைகளைக் கெடுத்தவர் என்று எழுதி, ஆலையில் நூல்கண்டு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அவர் கிளம்பிய அன்று நானும் வியோரிகாவும் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனோம். நடைவழியில் கொரினா காத்திருந்தாள்.

“தோழர், அந்த அத்தையப் பத்தி எங்கப்பாகிட்ட நான் சொல்லல. நீங்க படம் போட்டத மட்டும்தான் சொன்னேன்.”

“சரிம்மா.”

“குழாய் மலச்சிக்கலுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். அப்பா வீட்ல பேசுறப்ப கேட்டிருக்கேன்.” அவள் வியோரிகாவைப் பார்த்தாள். “எப்ப வேணாலும் சொல்லலாம். இல்லடி?”

ஒலிம்பியா கொரினாவின் தோளைத் தொட்டார். “நீ சின்னப் பொண்ணு. இதெல்லாம் ஒனக்கு வேண்டாம்.”

“சின்னப் பொண்ணா? நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டீங்களே” என்றாள் கொரினா. மிரட்டுகிறவள் போலவே இல்லை. பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி இருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கொரினாவின் புத்தகப் பையை வியோரிகா தூக்கினாள். மறுநாளும் தூக்கினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில்தான் ஆலையின் இரண்டாவது ஷிப்டுக்குப் பெண்கள் போவார்கள். எதிரே ஒலிம்பியா வருவார். கையை வீசிக்கொண்டு கொரினா, ஓரடி பின்னால் இரண்டு பைகளோடு வியோரிகா. அவர் நின்று பார்ப்பார். கொரினா மரியாதையாக வணக்கம் சொல்வாள். அவரும் பதிலுக்குச் சொல்லிவிட்டு ஆலை வாசலுக்குள் போய்விடுவார்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை இப்படியே நடந்தது.