சிவப்புத் துணி கட்டிய பொதி

செவ்வாய்க்கிழமை காலையில் குப்பை டிராக்டர் மேடேறுவதற்கு முன்பே சண்முகவடிவு அக்கா வந்துவிடுவார். கடைவீதிக்கு மேலே இருக்கும் எங்கள் வரிசையில், வாசலில் வைத்த பை ஒவ்வொன்றையும் பழைய குடைக்கம்பியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். 'ணங்' என்று கேட்டால் அங்கேயே குந்தி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிப் பேப்பரில் சுற்றுவார். பொதியின் மேல் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டித் தனியே வைப்பார். பல வருடமாக ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.

அதன் பிறகுதான் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்க ஓடுவார். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தினால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஏசுவார். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிடுவார்.

சோற்றையும் போத்தலையும் ஒரே பையில் போட்ட வீட்டுக் கதவை மட்டும் தட்டுவார். "ஏம்மா, உக்குறதத் தனியா வையேன். குழி வெட்டிப் போட்டா கீரைக்காச்சும் ஒரமாகும்."

பக்கத்து வீட்டு நாகலெட்சுமி சிரிப்பாள். "வந்துட்டாங்க குப்பை இன்ஸ்பெக்டரம்மா!"

"சம்பளத்த நீ குடுத்துரு தாயி."

அக்காவின் கணவர் கந்தப்பன் அந்த டிராக்டரில்தான் வேலை செய்தார். ஒருநாள் பையை அள்ளும்போது உடைந்த போத்தல் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கோப்பித்தூளை அப்பிக் கட்டிக்கொண்டு மிச்ச வீடுகளையும் முடித்தார். கை வீங்கிக் காய்ச்சல் கண்ட பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. எந்த வீட்டுப் பை என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

"தெரிஞ்சா அந்த வாசலத் தாண்டி நடக்க முடியுமா, சொல்லு?"

இப்போது அந்த வேலையில் அவர் மகன் வினோஜன். தாயைக் கண்டால் கூசிப்போவான். "கிளவுஸ் போட்டிருக்கேன்ல, போங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"அது துணிதானடா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய பொதியை இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைப்பான்.

துணி எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை துணிந்து கேட்டேன். "அவரு கடைசித் தீவாளிக்கு எனக்கு எடுத்த சேல. நா எங்க இனிமே செவப்பு கட்டப் போறேன்?" என்றார்.

இன்று எங்கள் வரிசையில் மூன்று பைகள் 'ணங்' என்றன. மூன்றாவது பொதிக்கு மடியிலிருந்து துணி எடுத்தபோது ஜரிகைக் கரை மட்டுமே வந்தது. அதைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றி வைத்திருந்தார். கீழே டிராக்டர் சத்தம் கேட்டதும் அவிழ்த்துப் பொதியில் கட்டினார்.

அந்தச் சேலையில் இனி ஒன்றும் இல்லை. வீடுகளில் கண்ணாடியை இன்னும் அப்படியேதான் போடுகிறார்கள்.