கழுவிய டேங்க்

என் பேரன் நாவலூர் வீட்டில் சேற்றையும் துருவையும் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறான். கட்டைவிரல் அளவுக் குப்பிகள், ஏழு. மூடி சரியாக மூடாத ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. பிளாஸ்டிக் போர்வண்டியைத் துண்டு துண்டாக ஒட்டி, வண்ணமடித்து, பிறகு இவற்றைப் பூசி அதைப் பழசாக்குவானாம். எங்களுக்குச் சேறு சும்மா கிடைத்தது.

நான் பள்ளியில் படித்தபோது அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. ராணுவத்தில் டேங்க் ஓட்டிய மாமா, பாகிஸ்தான் சண்டை முடிந்து முதல் லீவில் வந்தபோது எனக்கு ஒரு பொம்மை டேங்க் பெட்டி வாங்கி வந்தார். உள்ளே எண்பத்து நான்கு துண்டுகள். காகிதத்தில் எண்பத்தைந்து என்று போட்டிருந்ததால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்ததை வைத்து ஒட்டி முடித்து, சைக்கிளுக்கு அடித்து மீந்த பச்சை பெயின்ட்டைப் பளபளவென்று பூசினேன்.

"இன்னாடா இது, கல்யாண மாப்ள மாரி கீது?" என்றார் மாமா.

செங்கல் தூள், விளக்குக் கரி, டீத்தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ் ஆகியவற்றோடு உட்கார்ந்துவிட்டார். என் புது வண்டி கண்ணெதிரே பாழாவதைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு பலகையில் கடற்கரை மணலை வஜ்ஜிரப் பசையில் குழைத்து அப்பி, ஈரம் காயுமுன் டேங்கை உருட்டி இரண்டு தடம் பதித்தார். தடம் முடிகிற இடத்தில் அதை ஒட்டாமல் நிறுத்தினார். என் மூக்குறிஞ்சல் தானாக நின்றது. அது பொம்மையாக இல்லை. எங்கிருந்தோ வந்து நின்றிருந்தது.

"நீங்க ஓட்டுன வண்டியா மாமா இது?"

"இல்லடா. எங்களுக்கு முன்னாடி போன வண்டி. அப்பால அதோட தடத்த மட்டும்தான் பாத்தோம்." பிரஷைக் கழுவ எழுந்து போனார்.

ஆயுத பூஜையன்று மாலை வகுப்புப் பையன்கள் ஐந்து பேரை வரச் சொல்லியிருந்தேன். நிஜ டேங்க் மாதிரியே இருக்கும் என்று நான் சொன்னதை ஒருவனும் நம்பவில்லை. மதியம் மாமாவும் நானும் பொரி வாங்கித் திரும்பியபோது பலகையில் தடம் மட்டும் இருந்தது. டேங்கைக் காணோம்.

"வண்டி எங்க?" அப்படி ஒரு குரலில் மாமா பேசி நான் கேட்டதில்லை.

"இங்கதான் கீது தம்பி, இன்னாத்துக்குப் பதர்ற?" வாசலிலிருந்து அத்தை சொன்னார். அப்பாவின் அக்கா, பண்டிகைக்காகச் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தார். "அழுக்கு வண்டியைப் பூஜைல வெப்பாங்களா யாராவது? சீயக்கா போட்டுத் தேச்சேன். யப்பா, இன்னா மண்ணு!"

அப்பாவின் ஸ்கூட்டர், என் சைக்கிள், அதற்கடுத்து டேங்க். மூன்றுக்கும் சந்தனம், குங்குமம். பீரங்கிக் குழாயில் ஒரு சாமந்தி.

நான் தரையில் புரண்டு அழுதேன். ஐந்து பேரும் வந்து பார்க்கப்போவது ஒரு பச்சை டப்பாவை. மாமா அத்தையைத் திட்டுகிறாரா என்று நடுநடுவே அழுகையை நிறுத்திக் கேட்டேன். அவரோ டேங்க் முன்னால் குந்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், "அக்கா, இதுக்கு?" என்றார்.

"எலுமிச்சம்பழம் வெச்சா உன் வண்டி குட்டிக்கரணம் போடும்" என்ற அத்தை உள்ளே போய் ஒரு கை சுண்டைக்காய் அள்ளி வந்தார்.

பையன்கள் வந்தபோது மாமா டேங்கைச் சுண்டைக்காய் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். படக், படக். "எனக்குடா, எனக்குடா" என்று அவர்களுக்குள் ஒரே அடிதடி. சேறு எங்கே என்று ஒருவனும் கேட்கவில்லை. எனக்கு மூன்று முறை வாய்ப்புக் கிடைத்தது, அழுதது மறந்துபோயிற்று.

எல்லாரும் போனபின் பிரஷை மாமாவிடம் நீட்டினேன். மறுபடி சேறு பூசச் சொன்னேன்.

"வாணாம்டா. கழுவிப் பொட்டு வெக்க வூடு வந்து சேந்துட்ச்சு இல்ல? அது போதும்."

அவருக்கு லீவு இன்னும் நான்கு நாள் இருந்தது. சோம்பல் என்றுதான் நினைத்தேன்.