இரண்டாம் நம்பர் பைலட் கேசவன்

கோவிலம்பாக்கம் துளசிங்கத்தின் மகன் கேசவன் முறையாக விமானம் ஓட்டப் படித்தவர். இன்று சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் விளைந்த நிலம் மனைகளாக மாறியது. மனைகள் வடக்கே ஒரு ஃப்ளையிங் கிளப்பில் இருநூறு மணி நேரமாக மாறின. அந்த இருநூறு மணி நேரம் பைலட் லைசன்ஸாக மாறியது. லைசன்ஸ் வேலையாக மாறுவதுதான் பாக்கி.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். ஒரு விமானமும் ஒரு டைப்பிஸ்டும் இருந்தால் விமானக் கம்பெனி என்று பெயர். வைகறை ஏர்வேஸ் அப்படி ஒன்று. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு மாடியில் ஆபீஸ், பதினெட்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றே ஒன்று. அவர்கள் வைத்த பரீட்சையில் கேசவன் முதலாவது. சிட்லபாக்கம் லாசரஸ் வாத்தியார் மகன் தனசிங் இரண்டாவது. இருவரும் துணை பைலட்டாகச் சேர, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

கேசவன் ஏழே முக்காலுக்கே வந்துவிட்டார். துளசிங்கமும் கூடவே வந்தார், அதுதான் வினை. ஆபீசுக்கு எதிர்த்த டீக்கடையில் மகனை உட்காரவைத்துவிட்டார்.

“எட்டு மணின்னு போட்டிருக்குப்பா.”

“திங்கக்கெழம ஏழரைலேர்ந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம்டா. மொத வேல, அதுலயா கையெழுத்துப் போடுவ? மானத்துல பறக்கற பொழப்பு, வெளாட்டா இன்னா? குந்து.”

தனசிங் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். “மச்சான், மேல வரல?”

“நீ போப்பா,” என்றார் துளசிங்கம். “உங்களுக்குத்தான் அதெல்லாம் கெடையாதே.”

தனசிங் போனார். கேசவன் மூன்றாவது டீயையும் குடித்து முடித்து, ஒன்பது அடித்த பிறகு வலது காலை வைத்து மாடியேறினார். மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் சர்க்கார் உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்து பழுத்தவர். ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார்.

“நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ. சேர்ந்த நேரப்படிதான் சீனியாரிட்டி. தனசிங் நம்பர் ஒன். நீங்க நம்பர் டூ.”

“பரீட்சைல நான்தானே சார் ஃபர்ஸ்ட்?”

“வாஸ்தவம். பரீட்சை முடிஞ்சுடுத்து. இது ரிஜிஸ்டர்.”

இருந்த ஒரு விமானத்தில் துணை பைலட் நாற்காலி ஒன்று. அது தனசிங்குக்கு. இரண்டாவது விமானம் தை மாதம் வருகிறது, அதுவரை மீனம்பாக்கத்தில் கவுன்ட்டரைப் பாருங்கள் என்றார் மேனேஜர். எந்த வருஷத்துத் தை என்று அவர் சொல்லவில்லை, கேசவனும் கேட்கவில்லை.

கவுன்ட்டரில் முக்கிய வேலை எடை பார்ப்பது. சின்ன விமானம், பாரம் கூடினால் ஆபத்து. பெட்டிகளோடு ஆட்களையும் மெஷினில் ஏற்றி நிறுத்தி எழுத வேண்டும். பெட்டிகள் வாதம் செய்வதில்லை. வீட்டில் ‘ட்ரைனிங்’ என்று சொல்லிவைத்தார் கேசவன். துளசிங்கம் மேலே போகிற ஒவ்வொரு விமானத்தையும் காட்டி, “நம்ம பையன்” என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பறக்காத பைலட்டின் லைசன்ஸ் காலாவதியாகிவிடும். கிளப்புக்குப் போய்ச் சில மணி நேரம் பறந்துவிட்டு வர கேசவன் இரண்டு தடவை லீவு கேட்டார். கவுன்ட்டரை யார் பார்ப்பது என்று இரண்டு தடவையும் மேனேஜர் கேட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தனசிங்குக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. “மச்சான், இனிமே அது உன் சீட்டு,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் கேசவன் வீட்டில் வாய் திறந்து, “அடுத்தது நான்தான்” என்றார்.

மறுநாள் மேனேஜர் லைசன்ஸைப் புரட்டினார். “இது போயிடுத்தே?”

“லீவு கேட்டேனே சார், ரெண்டு தடவை.”

“கேட்டேள். ரெண்டு லெட்டரும் ஃபைல்ல பத்திரமா இருக்கு.”

குரோம்பேட்டை ரவி, லைசன்ஸின் மை காயாத பையன், அந்த வாரமே சேர்ந்தான். கேசவன் இதை வீட்டில் சொல்ல நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் துளசிங்கம், மகன் ஓட்டுகிற விமானத்தில் போகவேண்டும் என்று திருச்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். மனைவி செல்லியம்மாள் பட்டுப்புடவையில், பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, கூடவே வந்தார்.

கவுன்ட்டரில் மகனைப் பார்த்ததும் துளசிங்கம் நின்றுவிட்டார்.

“நீ இங்க நின்னுகினு கீற. அப்போ வண்டிய யார்டா ஓட்றது?”

“மெஷின்ல ஏறி நில்லுப்பா.”

ஏறினார். தோளில் இரண்டு பட்டை மின்ன ரவி கடந்து போனான். “குட் மார்னிங் கேசவன் சார்!”

துளசிங்கத்தின் குரல் இறங்கியது. “உன் எடத்த எவன்டா கெடுத்தான்? பேரச் சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

கேசவன் அப்பாவைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தார். எழுபத்தொன்று என்று எழுதினார்.

“எறங்குப்பா. அம்மா, நீ ஏறு.”