வெளியிலிருந்து திரும்பிய சாவி

அன்றைக்கு வீட்டில் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் இருந்தோம். அப்பா இல்லை, அபார்ட்மென்ட் ஒன்றில் செக்யூரிட்டி வேலை, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. போன வருட மழைக்காலம். பெங்களூரு அடுகோடியில், இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீடு. ஒரு புரோக்கர் மூலம் லீஸுக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. இங்கே லீஸ் என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்போம். காலி செய்யும்போது அது திரும்ப வரும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நூலகத்திலிருந்து ஓர் இங்கிலீஷ் புத்தகம் எடுத்து வந்திருந்தேன். ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டை இழந்த குடும்பங்களைப் பற்றியது. எங்கோ தூர தேசத்தில் நடந்தவை. ஞாயிறு மதியம் அம்மா வெங்காயம் உரிக்க, நான் அதைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்வேன். அம்மா கார்மென்ட்ஸில் தைப்பவர்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சம்பாரிக்கிறாங்க, அப்புறம் எப்படிடா வீடு இல்லாம போகும்?"

"வாடகை ஏறிடுச்சும்மா. கார்லயே தூங்குறாங்க."

"கார் இருக்கா! நம்மகிட்ட சைக்கிள்கூட இல்ல" என்றாள் தங்கை. சிரித்தோம்.

ஆனால் சில நாட்களாக ஒன்று என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் நான் விட்ட பக்கத்தில் இல்லை. நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன வாளி, மாலையில் வந்து பார்த்தால் கவிழ்ந்திருந்தது. தங்கையைத் திட்டினேன். "உன் புத்தகத்தை யாரு தொடுவா, பேயா?" என்றாள்.

அன்று படித்துக்கொண்டிருக்கும்போதே பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டது. எங்களுக்கு இருந்தது இரண்டே சாவி. இரண்டும் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

சாவி எந்தத் தடங்கலும் இல்லாமல், தினமும் திறக்கிற கைபோலத் திரும்பியது. உள்தாழ்ப்பாள் இருந்ததால் கதவு ஒரு விரல் அளவு அசைந்து நின்றது. மறுபடியும் திரும்பியது. அம்மா கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது. வெளியே ஒரு குழந்தைக் குரல்: "அப்பா, நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க."

திறந்தேன். ஒருவர், அவர் மனைவி, ஐந்து வயதுச் சிறுமி. கையில் கேஸ் ஸ்டவ், சுருட்டிய பாய். கீழே சாமான் ஏற்றிய ஆட்டோ. ஒக்கலிபுரத்து வீட்டைக் காலையில்தான் காலி செய்திருந்தார்கள்.

"யாரு நீங்க? எங்க வீட்ல என்ன பண்றீங்க?" என்றார் அவர்.

"இது எங்க வீடுண்ணா."

அவர் லீஸ் தாளை நீட்டினார். நானும் என் தாளை எடுத்தேன். அதே கதவு எண், அதே புரோக்கர் கையெழுத்து, அதே தொகை. பெயர் மட்டும் வேறு.

அதற்குள் சிறுமி உள்ளே போய், புத்தகத்தைத் தொட்டு, "இதுல படமே இல்லம்மா" என்றாள். இடம் மாறியிருந்த பஸ் டிக்கெட் எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பத்து நாள் முன்னாடி புரோக்கர் வீட்டைக் காட்டினாருக்கா. நீங்க காலி பண்ணப் போறீங்கன்னாரு. இந்த வாளியைக் கவுத்துத்தான் பாப்பாவ உக்கார வச்சேன்."

நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில், எங்கள் துணி தொங்கிய கொடிக்குக் கீழே நின்று, அவர்கள் தங்கள் பீரோவுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள்.

புரோக்கரின் போன் அணைந்திருந்தது. மழை பிடித்தது. "நின்னு பேசி என்ன ஆகப்போவுது, சாமான் நனையுது. மொதல்ல மேல ஏத்துங்க" என்றார் அம்மா. டியூட்டி முடிந்து வந்த அப்பா, வாசலில் தெரியாத செருப்புகளைப் பார்த்து, மாடி மாறி வந்துவிட்டோம் என்று நினைத்து இன்னொரு மாடி ஏறிப் போய்விட்டார்.

அந்த ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். படிக்கட்டில் காலடி கேட்டால் ஏழு பேரும் பேச்சை நிறுத்துவோம். வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது குடும்பம் ஒன்றின் சாவி பூட்டில் திரும்பியது. அதே சுலபத்தோடு. "இது எங்க வீடு!" என்று சிறுமி கத்தினாள். நாங்கள் யாரும் அவளைத் திருத்தவில்லை.

அடுத்த நாள் உண்மையான ஓனர் மல்லேஸ்வரத்திலிருந்து வந்தார். அவர் புரோக்கருக்கு மாத வாடகைக்குத்தான் விட்டிருந்தாராம். நாலு மாதமாக அதுவும் வரவில்லையாம். எங்கள் தாள்களைக் கையில்கூட வாங்கவில்லை. ஒரே வாரத்தில் எல்லோரும் வெளியே. மூன்று குடும்பமும் போலீஸில் புகார் கொடுத்தோம். புரோக்கர் இன்னும் அகப்படவில்லை.

லீஸ் தாளில் கையெழுத்துப் போட்ட நாளில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஓனரை ஒரு தடவ பாத்துரலாமா?" புரோக்கர் சிரித்துக்கொண்டே, "தம்பி படிச்சவராச்சே, எல்லாம் பாத்துட்டாரும்மா" என்றார். அது எனக்கு இனித்தது. "சும்மா இரும்மா, எல்லாம் பேப்பர்ல இருக்கு" என்றேன். ஓனர் அதிகாரம் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டவன் நான்தான்.

இப்போது அம்மா கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை நான் பேனாவைத் திறப்பதில்லை. ஆனால் அன்றைய அந்த ஒரு 'சும்மா இரும்மா'வுக்கு எங்கள் குடும்பம் கொடுத்தது மூன்றரை லட்சம் ரூபாய்.