லிசார்தோவின் பீப்பாயில் இருந்த கடல்

ஒயினைத் துப்பச் சொன்னபோது தொரிந்தாவுக்குக் கோபம்தான் வந்தது.

மீனவர் சங்கக் கட்டிடத்தின் மாடியில் நகராட்சி நடத்திய, ஒயின் சுவைபார்க்கப் பழக்கும் வகுப்பின் முதல் நாள் அது. ஆளுக்கு நான்கு கண்ணாடிக் கோப்பைகள், இரண்டு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. பாடம் எடுக்க வந்த நோயெலியா என்ற பெண் ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குள் சுழற்றி, மூக்கால் மூச்சு விட்டு, கூச்சமே இல்லாமல் வாளியில் துப்பிக் காட்டினாள்.

"ஏன், நல்லா இல்லையா?" என்று கேட்டாள் தொரிந்தா.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குத் துப்புறே? இதைப் போட்டவன் என்ன பாவம் பண்ணான்?"

வகுப்பே சிரித்தது. பெரும்பாலும் அவளைப் போன்றவர்கள்தான். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த டப்பா மீன் தொழிற்சாலையை மூடியபோது வேலை போன பெண்கள். தொரிந்தா அன்றைக்கு ஒரு சொட்டுக்கூடத் துப்பவில்லை. திரும்பும் பேருந்தில் தூங்கிப்போய், கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் எழுப்பிய பிறகு, மழையில் நனைந்துகொண்டே ஊருக்கு நடந்தாள்.

பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு தொழிற்சாலைக்குப் போனவள் அவள். வெந்த மட்டியை ஓட்டிலிருந்து பிரித்து டப்பாவில் பூவிதழ் மாதிரி அடுக்குவதுதான் வேலை. தலைமுடியில் வினிகரும் மிளகாய் எண்ணெயும் மணக்க மணக்கக் கல்யாணம் செய்துகொண்டாள், பெண்ணைப் பெற்றாள், அந்தப் பெண் சூரிச்சுக்கு ஹோட்டல் வேலைக்குப் போனதையும் பார்த்தாள். இப்போது தொரிந்தாவுக்கு இரண்டு வழிதான் இருந்தது. மகளுக்குப் பின்னால் போய் ஹோட்டலில் படுக்கை விரிப்பது. இல்லையென்றால் மேட்டில் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டியிருக்கும் ஒயின் ஆலையில், வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் சேருவது. அதற்கு இந்த வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

ஊரை விட்டுப் போவதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. கணவன் லிசார்தோவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

லிசார்தோ மட்டி வளர்க்கும் மிதவைகளில் வேலை செய்தவன். கயிறு சுற்றும் யந்திரம் வலது கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோன பிறகு கடலுக்குப் போவது நின்றது. சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கடற்கழியில் வரிசையாக நிற்கும் மிதவைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். ஆனால் வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அவன் பழைய லிசார்தோவாக எழுந்துவிடுவான். குளிர் முடியும் சமயத்தில் வாசலில் ஒரு லாரல் கிளையைக் கட்டுவான். இந்த வீட்டில் சொந்த ஒயின் இருக்கிறது, வந்து குடிக்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். வீட்டுக்குப் பின்னால், கருங்கல் தூண்களின் மேல் படர்ந்த திராட்சைப் பந்தலில் விளைந்தது, அவன் மிதித்தது, கீழ்த்தளத்தில் அவனுடைய அப்பா விட்டுப்போன செஸ்ட்நட் மரப் பீப்பாயில் கிடந்தது. பீப்பாய் தீரும்வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். தொரிந்தா முட்டை அப்பமும் சோளமாவுக்குள் மட்டி வைத்துச் சுட்ட அடையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருப்பாள். இரண்டு விரல் கையால் ஜாடியைத் தூக்கி, ஒரு துளி சிந்தாமல் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு போவான் லிசார்தோ.

அவனுடைய ஒயினுக்கு ஊரில் நல்ல பேர் இருந்தது. முதல் வாயில் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒன்று பிடிக்கும், பிறகு மூக்கில் ஏறும். மேல் வீட்டுக் கமிலோ ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு, "கடல் இறங்குதுடா" என்பான். மற்றவர்களும் ஆமாம் போடுவார்கள். மலைப்பக்கத்து ஒயினில் அது கிடையாது. கடலைப் பார்த்து வளர்ந்த கொடிக்குத்தான் அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பில் தொரிந்தா மெல்ல மெல்லத் துப்பக் கற்றுக்கொண்டாள். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், மழை பெய்த கல் என்று பெயர்களும் படிந்துவந்தன. அவளுக்கு மூக்கு நன்றாக இருக்கிறது என்று நோயெலியா சொன்னாள். ஆயிரம் மட்டியில் கெட்ட ஒன்றைப் பிடித்த மூக்கு அது.

ஜனவரியில் ஒரு நாள், பெயர் மறைத்த மூன்று குப்பிகளிலிருந்து ஊற்றி, "எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள் நோயெலியா. வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் முதல் கோப்பைக்குக் கை தூக்கினார்கள். தொரிந்தாவும் தொழிற்சாலைப் பெண்கள் அத்தனை பேரும் மூன்றாவதுக்குத் தூக்கினார்கள்.

"ஏன் மூணாவது?"

"இதுலதான் கடல் இருக்கு," என்றாள் தொரிந்தா. "எங்க வீட்டுது மாதிரியே இருக்கு."

நோயெலியா கோப்பையைக் கீழே வைத்தாள். "இதை நான்தான் கெட்டுப்போன பீப்பாயிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன்," என்றாள் தணிந்த குரலில். "வினிகரா மாறிட்டிருக்கு. உப்பு வேற, இது வேற. உப்பு நாக்குல நிக்கும். இது மூக்குல ஏறும். நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தா வருமே, அந்த வாசனை. திரும்பவும் பாருங்க."

தொரிந்தா திரும்பவும் பார்த்தாள். நகப்பூச்சு என்று சொன்ன பிறகு அங்கே வேறு எதுவும் இல்லை.

"பீப்பாயைக் கழுவினா போயிடாதா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மரத்துக்குள்ள போயிட்டா போகாது. வருஷா வருஷம் புது ஒயினையும் பிடிச்சுக்கும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழ்த்தளத்துக்குப் போனாள். லிசார்தோ மாடியில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். பீப்பாய்க் குழாயைத் திருகிக் கிண்ணத்தில் ஒரு மிடறு பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே வந்துவிட்டது. மகள் சூரிச்சுக்குப் போகும் முன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நகத்துக்குச் சிவப்புப் பூசிய நாளின் வாசனை. தொரிந்தா அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு மிச்சம் இருப்பது அந்த இரண்டு மூன்று மாதம். அதையும் பிடுங்குவதற்கா இவள் படித்தாள்?

பிப்ரவரியில் லாரல் கிளை ஏறியது. முதல் மாலையே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. கமிலோ வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, தொரிந்தா பன்றிக்கறித் தட்டோடு வந்ததும் பிடித்துக்கொண்டான்.

"வாங்க டாக்டரம்மா! ஊரெல்லாம் பேச்சு, நீ ஒயினைப் பாத்தாலே அதோட ஜாதகத்தைச் சொல்லுவியாமே. லிசார்தோ, இவளுக்கு ஒரு கிண்ணம் ஊத்துடா. பரீட்சை வைப்போம்."

"போ கமிலோ, கறி ஆறுது."

"பயப்படுறா பாருங்க! நகராட்சி காசு தண்டம்."

மேஜைகள் தட்டப்பட்டன. லிசார்தோ சிரித்துக்கொண்டே ஊற்றினான். அவன் அப்படிச் சிரித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கிண்ணத்தை நீட்டியபோது அவன் முகத்தில் பள்ளிக்கூடத்துப் பையனின் ஆவல் இருந்தது. தொரிந்தா கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் விழுங்கினாள்.

"கடல் இருக்கு," என்றாள்.

வீடே ஆர்ப்பரித்தது. கமிலோ எழுந்து நின்று பாட ஆரம்பித்தான். லிசார்தோவும் பாடினான், ஆனால் முதல் அடி முடிவதற்குள் நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்ததை அவன் பார்த்திருந்தான்.

மறுநாள் காலை கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் துண்டோடு வந்து நின்றான்.

"என்ன இருக்கு அதுல?"

"எதுல?"

"கேக்குறேன்ல, தொரிந்தா. மருந்து குடிக்கிற மாதிரி குடிச்சே. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். சொன்னாள். பீப்பாய் கெட்டிருக்கிறது, நகப்பூச்சு வாசனை வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்த வருடம் வெயில் அப்படி, மழை அப்படி என்று எதையோ சேர்த்தாள்.

"இந்த வருஷம் மட்டுமா?"

அவள் கழுவிய கிண்ணத்தையே திரும்பத் தேய்த்தாள்.

"என் அப்பா காலத்திலயுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் முப்பது வருஷமா இதைத்தானே குடிச்சேன். நல்லாத்தானே இருந்துச்சு."

"எனக்குக் காட்டு," என்றான்.

"வேண்டாம்."

"காட்டு. ஊரே என்னை வச்சுச் சிரிக்குதோ என்னமோ. எனக்கு மட்டும் தெரியாம இருக்கணுமா?"

"யாரும் சிரிக்கல. யாருக்கும் தெரியாது. கமிலோவுக்கு வினிகரைக் குடுத்தாலும் பாட்டுப் பாடுவான்."

அவன் சிரிக்கவில்லை. மகளின் அறையிலிருந்து காய்ந்துபோகாத ஒரு நகப்பூச்சு பாட்டிலைத் தேடி எடுத்து வந்து, இரண்டு விரலால் மூடி திருக முடியாமல் அவளிடம் நீட்டினான். தொரிந்தா திறந்து அவன் மூக்கடியில் பிடித்தாள். பிறகு கிண்ணத்தை. பிறகு திரும்பவும் பாட்டிலை. அவனுக்குப் பிடிபடாமல் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். இரண்டு தடவை உதட்டைப் பிதுக்கினான். மூன்றாவது தடவை கிண்ணத்திலிருந்து முகத்தை மெதுவாக எடுத்தான்.

"சரி," என்றான்.

அந்த வருடம் பீப்பாயைத் தீர்த்துத்தான் கிளையை அவிழ்த்தான். ஊற்றினான், தட்டிக்கொடுத்தான், கடல் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு இருக்கிறது என்றான். அவன் கிண்ணம் மட்டும் காலியாகவே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எஃகுத் தொட்டி வாங்கலாம், புதிதாக ஆரம்பிக்கலாம், நோயெலியாவே வந்து பார்ப்பதாகச் சொன்னாள் என்று தொரிந்தா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

"தொட்டி வாங்கி?" என்றான் ஒருநாள். "நல்ல ஒயினை ஊத்துறேன்னு வை. கமிலோ ஒரு வாய் குடிச்சுட்டு என்ன சொல்லுவான்? கடலைக் காணோம்பான். நான் அவனை உக்கார வச்சு நகப்பூச்சு காட்டணுமா?"

அதற்குப் பிறகு அவள் தொட்டிப் பேச்சை எடுக்கவில்லை.

செப்டம்பரில் பந்தலைப் பறித்து, பெட்டி பெட்டியாக மேட்டு ஆலைக்கு அனுப்பினான். கோடையிலேயே தொரிந்தாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, மினுங்கும் தொட்டிகளுக்கு நடுவே மாட்ரிட்காரர்களையும் ஜெர்மன்காரர்களையும் கூட்டிக்கொண்டு போவாள். பச்சை ஆப்பிள் என்பாள், உப்பு நாக்கில் நிற்பதைக் கவனியுங்கள் என்பாள். லிசார்தோவின் பழங்கள் எந்தத் தொட்டிக்குள் போயின என்று அவளுக்கே தெரியாது. எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள் என்று பாராட்டினார்கள்.

அடுத்த வசந்தத்தில் கமிலோவும் மற்றவர்களும் ஆற்றுப்பாலத்துக்கு அந்தப்பக்கம் லாரல் கிளை கட்டியிருந்த எவெலியோ வீட்டில் உட்கார ஆரம்பித்தார்கள். வழியில் நின்று லிசார்தோவைக் கூப்பிடுவார்கள். பல நாள் மறுத்தவன், ஒரு சனிக்கிழமை தொரிந்தா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பிடித்துத் தள்ளியதில் போனான். அரை மணியில் திரும்பிவிட்டான்.

"என்ன, அதுக்குள்ள?"

"கூட்டம். நல்லா இருந்துச்சு. கமிலோ பாடினான்."

"குடிச்சியா?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எவெலியோ கிண்ணத்தை நீட்டினான். வாங்கினேன். வச்சுட்டு வந்துட்டேன்." மிச்சப் பொத்தான்களையும் கழற்றிவிட்டு, "அவன் பீப்பாயும் அப்படித்தான்," என்றான். "அங்க இருக்கிற ஒருத்தனுக்கும் தெரியல. சந்தோஷமா இருக்கானுங்க."

"எனக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்," என்றாள் தொரிந்தா.

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் திருப்பிக் கத்தியிருப்பாள், ஒருவேளை இருவரும் அழுதுகூட இருப்பார்கள். அவன் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

ஆலையில் வேலை செய்பவர்களுக்கு மாதம் இரண்டு குப்பி கொடுப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துத் திறந்து, ஆலையில் கொடுத்த மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். லிசார்தோ மூக்கருகே கொண்டுபோனான். ஒரு வாய் எடுத்தான். வெளியே மிதவைகளின் மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தொரிந்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இது சரியில்லை, கடலைக் காணோம் என்று ஏதாவது ஒரு குறை சொல்லமாட்டானா என்று காத்திருந்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றான் லிசார்தோ.